மறுத்த சீட்டுக்கு முத்திரை இல்லை

மருந்துக் கடைக்காரர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி என்னிடம் மூன்று முறை ஆள் வந்துவிட்டது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நீங்க எப்படி மூணு மெடிக்கல் வெச்சீங்கன்னு எழுதுங்க அண்ணாத்தே, புதுப் பசங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்றார்கள். அந்தக் கதை அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். நானே சொல்லிச் சொல்லித் தெரிய வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் அட்டைப்பெட்டி தூக்கினேன். இங்கிலீஷ் எழுத்தை மருந்து டப்பாவைப் பார்த்துத்தான் படித்தேன். பிற்காலத்தில் பட்டம் வாங்கிய பார்மசிஸ்டுகள் என் கடையில் வேலை பார்த்தார்கள், எனக்கு வணக்கம் சொன்னார்கள். தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைப்பட ஒன்றும் இல்லாதவன்தான் அடக்கமாக இருக்க வேண்டும்.

அதனால் கடை வளர்த்த கதையை விட்டுவிடுகிறேன். ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்த வீட்டு அம்மா இன்னமும் கடைக்கு வருகிறார்.

முதலில் என் கடையின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் எல்லோரிடமும் கறாராகச் சொல்வேன்: ஒரு வீடு, ஒரு கடை. சர்க்கரைக்கு இங்கே, பிரஷருக்கு அங்கே, காய்ச்சலுக்குப் பஸ் ஸ்டாண்டு ஓரம் என்று வாங்காதீர்கள். வியாபார ஆசை அதில் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வீட்டுக்குள் என்னென்ன மாத்திரை போகிறது என்று ஒரே ஒரு ஆளுக்காவது முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர்கள் ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு எழுதுவார்கள். அத்தனை சீட்டும் வந்து சேருகிற இடம் நம் கவுண்டர்தான். பருத்திப்பட்டில் என் கடைக்கு வந்த குடும்பங்களில் யாருக்கு எந்த மாத்திரை, எது ஒத்துக்கொள்ளாது என்று நோட்டுப் புத்தகம் இல்லாமல் சொல்வேன். கவுண்டரில் நின்று ஒரு கேள்விக்கும் "தெரியாது" என்று நான் பதில் சொன்னதில்லை. அது என் கெத்து.

அந்த வீட்டுக்காரர் செல்வராஜ். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர், திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸிலேயே வாழ்க்கை முழுவதையும் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்தார். மனைவி பாக்கியம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் ஓசூரில் இருந்தாள். கடன் இல்லை, வியாதி இல்லை, வம்பு வழக்கு இல்லை. கடைக்கு வந்தால் போக மாட்டார். "என்ன வே மெடிக்கல், ஊர்ல ஒருத்தனுக்கும் சீக்கு இல்லையோ, ஈ ஓட்டுதீரு" என்பார். "நீ வந்துட்டியே நைனா, இனிமே யாவாரம் பிச்சிக்கும்" என்பேன். அப்படி ஒரு பழக்கம்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அவர் மனசு சோர்ந்து போக ஆரம்பித்தது. காரணம் தேடாதீர்கள். எல்லோரும் தேடினார்கள், நானும் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. காலையில் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்துக்குத் தானாக எழுந்துவிடுவாராம். பேண்ட் போட்டு, ஷூ மாட்டி, லேஸ் கட்டிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிடுவாராம். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதும் அதே ஷூவோடு அதே இடத்தில் இருப்பாராம். பாக்கியம் எனக்கு இதைச் சொன்னபோது ஒரு ஸ்டிரிப் பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்தார். அது பாக்கியத்தின் மாத்திரை. அந்த வீட்டுக்கு அன்று வரை அது ஒன்றுதான்.

பிறகு செல்வராஜுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தண்ணீர் கேனைத் தூக்கியதில் வந்த வலி, நிமிர முடியவில்லை. எலும்பு டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதினார். அபினி வகையைச் சேர்ந்த மாத்திரை. பெயரை இங்கே எழுதவில்லை, தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். முறையான டாக்டர், முறையான சீட்டு. எங்கள் பார்மசிஸ்ட் ரேவதி எண்ணிக் கொடுத்து, சீட்டில் "வழங்கப்பட்டது" என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தாள். அந்த முத்திரை எதற்கென்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். அதே சீட்டைக் காட்டி இன்னொரு கடையில் இன்னொரு முறை வாங்கிவிடக் கூடாது, அதற்காகத்தான்.

முதுகு வலி போனது. கூடவே அந்த மனச்சோர்வும் போனது. மனுஷன் கடைக்கு வந்து நின்று, "என்ன வே, கண்ணாடி மாத்தியிருக்கீரு, முகம் மட்டும் பழசாவே இருக்கு" என்றார். எனக்கு அப்படியே ஜில்லென்று ஆனது. பாக்கியம் பின்னால் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அதைப் பார்த்ததால்தான் பிற்பாடு அந்த அம்மா மீது எனக்குக் கோபமே வரவில்லை.

எலும்பு டாக்டர் ஒழுங்கான மனிதர். வலி தீர்ந்ததும் அளவைப் படிப்படியாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தினார். நிறுத்தியதும் செல்வராஜ் திரும்பவும் கட்டில் விளிம்புக்குப் போய்விட்டார். பாக்கியம் என்னிடம் வந்து, டாக்டரிடம் பேசச் சொன்னார். எனக்குத்தான் அந்த வட்டாரத்தில் தெரியாத டாக்டர் கிடையாதே. கவுண்டரிலிருந்தே போன் போட்டேன்.

"வலி இருக்கா அவருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"முதுகு வலி இல்ல சார். மனசு வலிதான்."

"அப்ப நான் எழுத முடியாது. முதுகுக்கு எழுத எனக்கு உரிமை இருக்கு. சிரிக்க வைக்கிறதுக்கு எழுத இல்லை. அது மனநல டாக்டர் வேலை. அவங்ககிட்ட போனாலும் இந்த மாத்திரையை எழுத மாட்டாங்க, வேற எழுதுவாங்க. கூட்டிட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே பாக்கியத்திடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார். நாலைந்து நாள் கழித்துக் கையில் ஒரு சீட்டோடு வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அண்ணாச்சி, டாக்டர் எழுதிக் குடுத்திட்டாவ."

ரேவதி வாங்கிப் பார்த்தாள். அதே வலி மாத்திரை. பதிவு எண் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. ஆனால் எழுதியவர் பல் டாக்டர். பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் சென்னீர்குப்பத்தில் பாக்கியத்தின் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண் பல் டாக்டர். பாவம் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறது.

"அம்மா, சாருக்குப் பல் வலியா?" என்று கேட்டாள் ரேவதி.

"பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இது அவியளுக்கு மனசுக்கு."

"பல் டாக்டர் பல்லுக்குத்தான் எழுதலாம்மா. இதைப் பார்த்து நான் குடுக்க முடியாது."

"டாக்டர்தானம்மா எழுதியிருக்கு? நான் என்ன ஜோசியக்காரன்கிட்டயா எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன்?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பாக்கியத்துக்கு முகம் சிறுத்துப் போனது. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. இதைத் தின்னப்ப அவிய சிரிச்சாவளா இல்லையா? நீங்களே பார்த்தீயள்லா?" என்றார்.

பார்த்தேன். தம்பிகளே, நம் தொழிலில் கஷ்டமான இடம் இதுதான். பொய் சொல்கிறவருக்கு மறுப்பது சுலபம். கண்ணெதிரே உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறவருக்கு மறுக்க வேண்டும்.

"பாத்தேன் தங்கச்சி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மாத்திரை சிரிக்க வெச்சுட்டு அப்பால ரெண்டு கேக்கும், அப்பால நாலு கேக்கும். அதனாலதான் யாரு எழுதலாம், எதுக்கு எழுதலாம்னு கட்டு போட்டு வெச்சுகீறாங்க. நாளைக்கு நானே வண்டி எடுத்துகினு வரேன். மனசு டாக்டராண்ட போலாம்."

அவர் சீட்டைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். சீட்டு சுத்தமாக இருந்தது. கொடுத்த சீட்டுக்குத்தான் முத்திரை, மறுத்த சீட்டுக்கு ஒன்றும் கிடையாது. எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். சட்டப்படி அதில் தப்பும் இல்லை.

சொன்னபடி மறுநாள் போனேன். மூன்று கடை முதலாளி ஆட்டோவில் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனதை அம்பத்தூர் பார்த்திருக்கும். செல்வராஜ் வர மாட்டேன் என்று ஒரு மணி நேரம் அடம் பிடித்தார். "பைத்தியக்காரன்னு முத்திரை குத்தவா கூட்டிட்டுப் போறீரு?" என்றார். "உனக்குப் பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு மூளை எங்க கீது நைனா, ஏறு" என்றேன். அதற்குத்தான் ஏறினார்.

மனநல டாக்டர் ஒரு பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். பாக்கியம் வாய் திறந்தால் அந்த வலி மாத்திரையைத்தான் கேட்டார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வகை மருந்து மனச்சோர்வுக்கு உதவுமா என்று ஆராய்ச்சி எல்லாம் நடக்கிறது, ஆனால் மனச்சோர்வுக்கென்று இங்கே அதற்கு அனுமதி இல்லை, அதே வகையில் இன்னொரு மாத்திரை போதையிலிருந்து மீட்கிற மையங்களில் மட்டும் கொடுப்பார்கள், அது வேறு வியாதிக்கு என்று எடுத்துச் சொன்னார். பிறகு வேறு ஒரு மாத்திரை எழுதினார்.

"இது வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும்மா. முதல்ல ஒண்ணும் தெரியாது. நிறுத்திடக் கூடாது. வேற எதாவது மாத்திரை சாப்பிடுறாரா? முக்கியமா அந்தப் பழைய வலி மாத்திரை இதோட சேரக் கூடாது. வலிப்பு வர வாய்ப்பு இருக்கு."

"நான் சோறுதான் தின்னுதேன்" என்றார் செல்வராஜ். அன்றைக்கு அது உண்மை. பாக்கியமும் தலையாட்டினார். அன்றைக்கு அதுவும் உண்மை.

புது மாத்திரையை எங்கள் கடையில்தான் வாங்கினார்கள். ரேவதி கவரில் எப்போது சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். முதல் வாரம் பாக்கியம் தினமும் வந்தார். "ஒண்ணும் தெரியலயே அண்ணாச்சி" என்றார். டாக்டர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். இரண்டாவது வாரம் ஒரு நாள் வந்தார். "நேத்து ராத்திரி என்கிட்ட, நான் இருக்கதுனால உனக்கு என்ன பிரயோசனம்னு கேட்டாவ" என்றார். உடனே டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் அவரைத் தனியாக விடாதீர்கள், நாளைக்கே கூட்டி வாருங்கள் என்றார். போய் வந்தார்கள். அதற்கப்புறம் பாக்கியம் வரவில்லை. வராதது நல்லதற்குத்தான் என்று நினைத்தேன்.

நல்லதாகத்தான் தெரிந்தது. செல்வராஜ் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்காராமல் ஏரிக்கரை நடைபாதைக்கு வர ஆரம்பித்தார். நானே பார்த்தேன். தண்ணீருக்குள் நின்ற நாரைகளைக் காட்டி, "இதுகளுக்கு ஓவர்டைம் உண்டா வே?" என்று கேட்டார். கடைக்கு வந்து ரேவதியிடம் அதைச் சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள். மாத்திரை பிடித்துக்கொண்டது என்றாள். நான்கு வாரம் ஆகவில்லையே, சீக்கிரமாகவே பிடித்துவிட்டதே என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது வாக்கியத்தை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் காலையில் பாக்கியம் போன் செய்தார். "அண்ணாச்சி, ஏரிக்கரையில" என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது செல்வராஜை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நடைபாதையில் விழுந்து கிடந்திருக்கிறார். பின்மண்டையில் அடி. தூக்கப் போனவர்கள் கையும் காலும் இழுத்துக்கொண்டிருந்தது என்றார்கள். எப்படி விழுந்தார் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. ஓசூரிலிருந்து மகள் கிளம்பிவிட்டாள். செல்வராஜின் தம்பி குடும்பம் குவார்ட்டர்ஸிலிருந்து வந்து நின்றது. ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். பாக்கியம் மனநல டாக்டரின் மாத்திரையைச் சொன்னார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. தம்பிகளே, தங்கச்சிகளே, படிப்பு இல்லாதவன் நான், ஆனால் இந்த ஒன்றில் எனக்கு மிஞ்சிய ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. வேறு மருந்து சாப்பிடாதவர் வீட்டு ஆட்கள் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். தைலம் தேய்த்தோமே, கஷாயம் குடித்தாரே என்று ஏதாவது ஞாபகம் வரும். யோசிக்காமல் இல்லை என்று சொல்கிறவர் ஏற்கனவே யோசித்து வைத்திருக்கிறார்.

அங்கே வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொழுந்தனாரும் ஓரகத்தியும் முன்னால் நிற்க அந்த அம்மா செத்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார். உள்ளே டாக்டர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். "தங்கச்சி, ஒரு வாய் தண்ணி குடி, வா" என்று குடிதண்ணீர் வைத்திருந்த மூலைக்கு அழைத்துப் போனேன்.

"உன்னக் கோச்சுக்க வரல நான். யாராண்டயும் சொல்லவும் மாட்டேன். உள்ள கீற டாக்டருக்கு மட்டும் தெரியணும். இன்னா குட்த்த?"

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சுருக்குப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதே வலி மாத்திரை. பாதிக்கு மேல் காலி.

"சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்தேன் அண்ணாச்சி. அவியளுக்குத் தெரியாது. அந்த நாலு வாரத்துக்கு மட்டும்னு நெனச்சேன். அதுக்குள்ள எதாவது செஞ்சிக்கிடுவாவளோன்னு பயம் வந்துச்சு. அந்த மாத்திரை பிடிச்சதும் இதை நிறுத்திரலாம்னு இருந்தேன்."

"டாக்டரு சேரக் கூடாதுன்னு சொன்னாங்களே தங்கச்சி."

"சொன்னாவ. வலிப்பு எல்லாருக்குமா வரும்னு நெனச்சிட்டேன்."

அட்டையை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அறுபதைத் தாண்டிய உடம்பு, ஓடினேன். அவர் அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. "யார் குடுத்தாங்க இதை? அவங்க இல்லன்னு சொன்னாங்களே?" என்றார்.

"யாரு குட்த்தாங்கன்றது அப்பால பாத்துக்கலாம் சார். இன்னா உள்ள போச்சுன்றத மட்டும் எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டு உள்ளே போனார். இந்தத் தொழிலில் நான் செய்த சரியான காரியங்களை எண்ணச் சொன்னால் இதை முதலில் எண்ணுவேன். மருந்து எது என்று தெரிந்ததால் வலிப்பை நிறுத்தினார்கள். ஆனால் மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மகள் வந்து கையைப் பிடித்தபோது அவருக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு நினைவு வரவே இல்லை. நாலாம் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஷூவை யாரோ வாசலில் ஜோடியாக வைத்திருந்தார்கள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு சென்னீர்குப்பம் போனேன். அட்டையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை வைத்துக் கடையைக் கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய விஷயமா? ஹைவே ஓரத்துக் கடை. முப்பது வயசு முதலாளி, நம் சங்கத்துப் பையன்தான். சண்டை போடுகிற உத்தேசத்தோடுதான் போனேன்.

"பல் டாக்டரு சீட்டுக்கு அந்த மாத்திரையக் குட்த்துகீறியே, அறிவு கீதா உனக்கு?"

அவன் பதறிப்போனான். "சீட்டு கரெக்டா இருந்துச்சு அண்ணாத்தே. நம்பர் இருந்துச்சு. பல்லு வலின்னுதான் அந்தம்மா சொல்லிச்சு. பல்லு புடுங்கினா எழுதறதுதானே? நான் முத்திரை கூட குத்திக் குட்த்தேன்."

பல் வலி. எங்கள் கடையில் ரேவதி கேட்ட கேள்வியிலிருந்து பாக்கியம் பதிலைக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்.

"அந்தச் சீட்டு எங்க கடையில வேணாம்னு திருப்பி அனுப்பின சீட்டுடா."

"அப்படின்னு அதுல எங்க அண்ணாத்தே எழுதியிருந்துச்சு? ஒரு கோடு கூட இல்லியே. சுத்தமா இருந்துச்சு. எழுதியிருந்தா நான் ஏன் குட்க்கப் போறேன்?"

சண்டைக்குப் போனவன் அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

அதனால்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நான் ஒன்று கேட்டேன். கொடுத்த சீட்டுக்கு முத்திரை குத்துகிற நாம், மறுத்த சீட்டின் பின்னால் ஒரு வரி எழுதுவோம்: இன்ன காரணத்தால் தரவில்லை, இன்ன கடை. சிலர் சிரித்தார்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார், டாக்டர் வழக்குப் போடுவார் என்றார்கள். என் மூன்று கடையிலும் நாங்கள் எழுதுகிறோம். எழுதுவதற்கு முன்னால் வந்தவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். ஒருவரும் இதுவரை சண்டைக்கு வரவில்லை. இப்போது திருமுல்லைவாயிலிலும் இரண்டு கடைகளில் ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எட்டாம் வகுப்புக்காரன் சொன்னதென்று தள்ளிவிடாதீர்கள்.

யார் எழுதலாம், யார் எழுதக் கூடாது என்கிற விதி சரியானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எலும்புக்காரர் சரி, மனநல டாக்டர் சரி, ரேவதி சரி. ஆனால் மறுத்து அனுப்பிய பிறகு அந்த மனுஷி எந்தத் தெரு வழியாகப் போகிறாள் என்று பார்க்க அந்த விதியில் இடம் இல்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும். நான்கு வாரம் காத்திருங்கள் என்று டாக்டர் சொல்வார். அந்த நான்கு வாரத்தை ஒருத்தி எப்படிக் கழிப்பாள் என்று கவுண்டரில் நிற்கிறவன் கேட்க வேண்டும். "தினமும் வா தங்கச்சி, ஒண்ணும் வாங்காட்டியும் வா" என்று சொல்ல வேண்டும். இதற்கு டிகிரி தேவையில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் பாக்கியம் கடைக்கு வந்தார். ரேவதி சாப்பிடப் போயிருந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு பிளாஸ்டிக் கவரில் வீட்டில் மிஞ்சிய மாத்திரை எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தார். மனநல டாக்டருடையது, அந்த வலி மாத்திரையின் மிச்சம், எல்லாம். கவுண்டரில் கொட்டிப் பரப்பினார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க பொய் சொல்ல மாட்டீயன்னுதான் வந்தேன். அவிய கடைசி வாரம் சிரிச்சாவளே, அது எந்த மாத்திரையில?"

நான் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"சரி, அது கெடக்கட்டும். முதல்ல வலிப்பு வந்து விழுந்தாவளா, இல்ல வழுக்கி விழுந்ததுல வலிப்பு வந்துச்சா? டாக்டர் ரெண்டு மாதிரியும் இருக்கலாம்னுட்டாவ. நீங்க சொல்லுங்க."

எனக்கு ஒரு கணக்கு மனசுக்குள் இருந்தது. எந்த மருந்து எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கிடங்குக் காலத்திலிருந்து கேட்டு வைத்தவன். இரண்டு கேள்விக்கும் ஒரு பதிலைச் சொல்லியிருக்க முடியும். ஆனால் நான் ஏரிக்கரையில் அந்த நேரத்தில் இல்லை. அந்த அம்மாவோ நான் எதைச் சொன்னாலும் அதை நம்பி, சாகிற வரைக்கும் அதோடு வாழத் தயாராக வந்து நின்றார்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றேன்.

அவர் அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி என் பக்கம் தள்ளினார். அழித்துவிடுங்கள் என்றார். தன்னுடைய பிரஷர் மாத்திரை ஒரு ஸ்டிரிப் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது கடைகளை மகனிடம் விட்டுவிட்டேன். ஆனாலும் பாக்கியம் மாத்திரை வாங்க வருகிற வாரம் பார்த்து நான் பருத்திப்பட்டுக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த வீட்டுக்கு மறுபடியும் ஒரே ஒரு மாத்திரைதான். கவரை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது, நான் கேட்காமலேயே, ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்:

"வேற எங்கயும் ஒண்ணும் வாங்கல அண்ணாச்சி."